அப்பா துண்டு கேட்டு நின்ற ஐந்து நாட்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் கப்பல் கதை வராமல் இருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியோ, ரேஷன் கடை வரிசையோ, யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். தலைமன்னாரில் ஏறியது, மண்டபம் முகாமில் பெட்டி தொலைந்தது, மதராஸ் கப்பலில் நாலு நாளும் வாந்தி எடுத்தது. நானும் சொல்லியிருக்கிறேன். வாந்திக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் போர்ட் பிளேர் பக்கத்து இந்தக் கராச்சர்மாவில் இல்லை. கேட்டுச் சிரித்துப் புரையேறினவர்கள் உங்களிலேயே உண்டு.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு நடந்த ஒன்றை மட்டும் நான் உங்களிடம் சொன்னதில்லை. என் தங்கை ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்பது தெரியாது. கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்று உங்கள் அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். அவர்மேல் பழி போடுவது சுலபம், மறுப்புச் சொல்ல வரமாட்டார். அவளைக் காப்பாற்ற ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான், அவள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். "ஊருக்குப் போறோம்" என்று சொல்லித்தான் எங்களைக் கிளப்பினார்கள். அந்த ஊரை அப்பாவும் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை. திருச்சிக்குப் பக்கம் என்பதோடு அப்பாவுக்குத் தெரிந்த விலாசம் முடிந்தது. பிறந்து வளர்ந்த மலையை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்காத இடத்துக்குத் திரும்பிப் போவதற்காகத் தகரப் பெட்டியில் சாமான் அடுக்கினோம். அம்மா கொழுந்துக் கூடையையும் எடுத்துக்கொண்டாள். அங்கே தேயிலை இருக்காது என்று யாரோ சொன்னதற்கு, "கூட தேயிலைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

தங்கை ஒவ்வொரு இடத்தில் இறங்கியதும் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள். "இதுதான் ஊரா?" என்பாள். தலைமன்னார் மணலில் கேட்டாள். முகாமில் கேட்டாள். மதராஸ் துறைமுகத்தில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "இல்ல ஆயி, இன்னும் போகணும்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை கிள்ளிக்கூட வைத்தேன்.

முகாமில் ஓர் அதிகாரி அப்பாவிடம் மூன்று வேலைகளைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டாராம். நூல் மில், கட்டட வேலை, அந்தமானில் ரப்பர்த் தோட்டம். தோட்டம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அப்பா தலையை ஆட்டிவிட்டார். தோட்டம் என்றால் அவருக்குத் தெரியும். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு இருக்கும், வரிசை வீட்டு லயம் இருக்கும், துரை இருப்பார். "அந்தமான் எந்த ஜில்லாங்க?" என்று அவர் கேட்டது கைநாட்டு வைத்த பிறகு. அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதை அப்பா கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை.

வந்து சேர்ந்த இடம் ரங்கத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காட்டை வெட்டி ரப்பர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்பே நம்மாட்கள் சில குடும்பங்கள் வந்து தகரக் கூரை வீடுகளில் இருந்தார்கள். "நம்ம லயம் மாதிரியே இருக்குல்ல?" என்று அப்பா சந்தோஷப்பட்டார். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் புழுக்கம் எங்களுக்குப் புதிது. மூடுபனியில் வளர்ந்த உடம்புக்கு, நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டுவது ஏதோ வியாதி மாதிரி இருந்தது.

கொசுவும் புதிதுதான். மலையில் அட்டை தெரியும், குளவி தெரியும். குளவி கொட்டி ஆளே செத்திருக்கிறார்கள். காதோரம் ரீங்காரம் போடுகிற இந்தச் சின்னப் பூச்சியை நாங்கள் மதிக்கவே இல்லை. தங்கை அதை உள்ளங்கையில் அடித்து, எத்தனை என்று எண்ணி எனக்குக் காட்டுவாள்.

ஆனாலும் அந்த முதல் மூன்று மாதங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கையில் பட்டுக் காய்ந்த ரப்பர் பாலை இருவரும் உரித்துச் சுருட்டிப் பந்து செய்வோம். அது எம்பிக் குதிக்கும் உயரத்தைப் பார்த்துத் தங்கை அலறிச் சிரிப்பாள். வெயிலில் ரப்பர்க் காய்கள் டப் டப்பென்று வெடித்து, புள்ளி போட்ட வழவழ விதைகள் கூரைமேல் விழும். ஒரு தகர டப்பா நிறைய சேர்த்து வைத்திருந்தாள். அம்மா கொழுந்துக் கூடையில் விறகு சுமந்தாள். அப்பா பால் வெட்டக் கற்றுக்கொண்டிருந்தார். தேயிலையில் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆழமாக வெட்டினால்தான் செடி நன்றாகத் தழைக்கும் என்பது அவர் படித்த பாடம். அதே கையோடு இங்கே ரப்பர் மரத்தைக் கொத்திவிட்டு, மேஸ்திரியிடம் இந்தியில் வாங்கிக் கட்டிக்கொண்டார். திட்டு புரியாததால் சிரித்தாராம். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

துண்டு என்று நான் சொல்வது தோளில் போடுவதை அல்ல. இலங்கையில் நம் தோட்டத்தில் மருந்துச்சாலை ஐயா எழுதித் தருகிற சின்னக் காகிதம். இன்ன ஆளை, இன்ன நோய்க்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அது கையில் இல்லாமல் தோட்டத்து ஆள் டவுன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் சித்தப்பா ஒருமுறை மலைச்சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். மருந்துச்சாலை ஐயா அன்று ஊரில் இல்லை. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடந்தார்கள். துண்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தால், கேட்காமல் தோட்டத்தை விட்டுப் போனதற்கு அப்பாவுக்கு ஒரு வாரம் பேர் வெட்டு. அவர் பேரைக் கூப்பிடவில்லை, வேலை இல்லை. சித்தப்பாவின் கால் கடைசிவரை கோணல்தான். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால் இங்கே வந்த முதல் வாரமே எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"கேட்டத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது, கேட்டுக்கிட்டீங்களா? புதுத் தோட்டம். துண்டு இல்லாம போனா பேர வெட்டிருவாங்க. வெட்டிட்டா நமக்குத் திரும்பிப்போக எடமே இல்ல."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகப் புரிந்தது. இலங்கையில் எங்கள் லயத்து அறையில் வேறு குடும்பம் குடியேறிவிட்டது என்று அம்மா சொல்லக் கேட்டிருந்தேன்.

கேட் என்று ஒன்று அங்கே உண்மையிலேயே இருந்தது. இரண்டு கட்டைத் தூண்கள், நடுவே கதவு கிடையாது. பக்கத்தில் எப்போதும் ஓர் ஆடு கட்டியிருக்கும். அதற்கு அந்தப்பக்கம் மண் ரோடு. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், ரங்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓடும்.

பக்கத்து நிலத்தில் ஒரு வங்காளத்துக் குடும்பம். நெல்லும் கீரையும் போடுவார்கள். அவர்கள் மகள் தோட்டத்துக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில் என் தோழி, என்னைவிட மூன்று வயது பெரியவள். வாரம் ஒருமுறை கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ்ஸில் ரங்கத் பஜாருக்குப் போய்வருவாள். அவளிடம்தான் நான் இந்தி பேசக் கற்றேன். "சல் நா", வாயேன், என்று கையைப் பிடித்து இழுத்தால் அதற்கு மறுப்பே கிடையாது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவளோடு பஸ் ஏறிவிட்டேன். தூண்களைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேன். ஆடு மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

ரங்கத்தில் ஜிலேபி தின்றோம். ரப்பர் வளையல் பார்த்தோம். திரும்பும் முன் அவள் தன் அம்மாவின் சேற்றுப்புண்ணுக்கு மருந்து வாங்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மஞ்சள் சுவர் கட்டடம். திறந்த கதவு. பெஞ்சில் வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள். வரிசையில் நின்றோம். கம்பவுண்டர் "கியா ஹுவா?", என்ன ஆச்சு, என்றார். அவள் சொன்னாள். ஒரு காகிதத்தில் களிம்பை வழித்து மடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். யார், எந்தத் தோட்டம், காகிதம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வருகிறவள்போல வீட்டுக்குள் நுழைந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது நடந்து இரண்டு வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தங்கை நடுங்க ஆரம்பித்தாள்.

நடுக்கம் என்றால் எங்களுக்குக் குளிர்தான். வேறு அர்த்தமே தெரியாது. அம்மா பெட்டியைத் திறந்து, மலையிலிருந்து கொண்டுவந்த மூன்று கம்பளிகளையும் எடுத்தாள். எல்லாரும் கேலி செய்த கம்பளிகள் அவை. இந்த வெக்கையில் இது எதற்கு என்று வங்காளத்தம்மா விழுந்து விழுந்து சிரித்திருந்தார். "பாத்தீங்களா, ஒதவுது" என்றாள் அம்மா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் போர்த்தினாள். ஒரு மணி நேரத்தில் தங்கையின் உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. விடியும்போது விட்டது. எழுந்து கஞ்சி குடித்தாள், விதைகளை எண்ணினாள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது.

தோட்டத்துக்குக் கம்பவுண்டர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அந்த வாரம் மழையால் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஹாஜிரியில் பேர் கொடுத்து முடிந்ததும் அப்பா ஆபீஸ் வாசலுக்குப் போனார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என்னையும் கூட்டிப்போயிருந்தார், இந்தியில் ஏதாவது கேட்டால் சொல்வதற்கு. ஆனால் உள்ளே இருந்த குமாஸ்தா பாபு மதுரைப் பக்கத்துக்காரர், தமிழ் பேசுகிறவர்.

"துண்டு வேணுங்க ஐயா. சின்னப்புள்ளைக்கு சொகமில்லைங்க."

பாபு பேரேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "சாகிப் போர்ட் பிளேர் போயிருக்காருய்யா. கடல் சரியில்ல, கப்பல் வரல. அவரு வந்துதான் கையெழுத்துப் போடணும்."

"சரிங்க ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. பாபு நினைத்தது லீவுச் சீட்டு. வேலைக்கு வராத நாளுக்கு மேனேஜர் சாகிப்தான் சுட்டி எழுதவேண்டும், அது சட்டம். அப்பா நினைத்தது துண்டு. துரை ஆபீஸ் வாசலில் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர் அவர். கேட்பதைக் கேட்டுவிட்டு நிற்கவேண்டும். நிற்பதுதான் கேட்பது. புதன்கிழமையும் நின்றார். வியாழக்கிழமையும் மழையில் நனைந்துகொண்டு நின்றார். சரியான முறையில் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு நின்றார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

வியாழக்கிழமை காய்ச்சல் விடவில்லை. தங்கை, கதவைச் சாத்து, மூட்டம் உள்ளே வருகிறது என்று புலம்பினாள். வெளியே மூட்டமும் இல்லை, பனியும் இல்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். "என்னாங்க, நான் தூக்கிக்கிட்டு நடக்குறேன். நடந்தே போயிர்றேன்."

"வாசல்லயே திருப்பி அனுப்புனா என்னா செய்வ? இந்த மழையில போயிட்டு வந்தா புள்ள தாங்குமா? தம்பி காலு மறந்துபோச்சா ஒனக்கு?"

"இங்கயும் அப்பிடித்தான்னு யாரு சொன்னா?"

"தோட்டம்னா எங்கயும் ஒண்ணுதான்."

"அந்த வங்காளத்து ஆளுக போறாங்க, வாராங்க..."

"அவுங்க நெலம் உள்ளவுங்க. நம்ம தோட்டத்து ஆளு."

அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கோணல் காலை அவளும் பார்த்தவள்தானே. திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தது. அது சட்டியில் தண்ணீர் எடுத்துவந்து ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அடி விழும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், நான் துண்டு இல்லாமல் தூணைத் தாண்டியவள், அது தெரிந்தால் எங்கள் பேரையே வெட்டிவிடுவார்கள் என்பது. எங்களுக்குத் திரும்பிப்போக இடம் இல்லை. ஒன்பது வயதில் அது கணக்காகத்தான் பட்டது. நான் வாயைத் திறந்தால் நாலு பேரும் தெருவில் நிற்போம், மூடிக்கொண்டால் சாகிப் வந்ததும் துண்டு கிடைத்துவிடும். கப்பல் வந்தால் போதும். கப்பல் வரவேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வங்காளத்துத் தோழி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தங்கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஏன் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்? அன்றைக்கு நாம் போனோமே, அந்த ஹஸ்பதாலுக்கு..." என்று இந்தியில் ஆரம்பித்தாள். நான் பாய்ந்து வெளியே ஓடி அவள் வாயைப் பொத்தினேன். பொத்தியபடியே கிணற்றடிவரை தள்ளிக்கொண்டு போனேன். "போ. எங்க வீட்டுக்கு இனிமே வராதே" என்றேன். அவள் திகைத்துப்போய் நின்றாள். திரும்பி வந்தபோது அம்மா, "என்னா சொல்லுச்சு அந்தப் புள்ள?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வரலையான்னு கேட்டுச்சு."

அம்மாவுக்கு இந்தி தெரியாது. நான் சொன்னதை நம்பினாள். இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை காலை அப்பா ஐந்தாவது நாளாக நின்றார். பாபு வெற்றிலை துப்ப வெளியே வந்தவர், எரிச்சலோடு கேட்டார்.

"என்னய்யா தினம் வந்து நிக்கிற? சுட்டிக்கு இப்ப என்ன அவசரம்?"

"சுட்டி வேணாங்க ஐயா. துண்டுதாங்க வேணும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக."

"எதைத் தூக்கிட்டு?"

"புள்ளையங்க. திங்கக்கெழமையிலருந்து காச்சலுங்க. இப்ப கண்ணு முழிக்கலைங்க."

பாபு அப்பாவையே பார்த்தார். வெற்றிலைச் சாறு அவர் வாயோரம் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு கத்தினார். அந்தக் கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது.

"யோவ்! புள்ளையத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒனக்கு எதுக்குய்யா காகிதம்? வாசல்ல எவனாவது நிக்கிறானா? கதவு இருக்கா? போகவேண்டியதுதானேய்யா!"

அப்பா திரும்பி அந்த இரண்டு தூண்களைப் பார்த்தார். அதுவரை அவற்றை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை போல நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

காலை பஸ் போய்விட்டிருந்தது. பாபுதான் மழையில் ரோட்டுக்கு ஓடி, மரம் ஏற்றிவந்த லாரியை மறித்து எங்களை ஏற்றினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. முன்னால் அம்மா மடியில் தங்கை, கம்பளி சுற்றி. பின்னால் மரக்கட்டைகள்மேல் அப்பாவும் நானும். அப்பா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புரிந்தது. துண்டு இல்லைங்க, மன்னிக்கணும், சாகிப் ஊரில் இல்லைங்க.

அதைச் சொல்ல அவருக்கு வேலையே வரவில்லை. அதே மஞ்சள் சுவர், அதே திறந்த கதவு. நர்ஸம்மா பார்த்த மாத்திரத்தில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கம்பளியை உருவித் தரையில் எறிந்தார். டாக்டர் வந்து கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று இந்தியில் சொன்னார். மூன்று நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே, முக்கால் மணி நேரப் பயணம்தானே, ஏன் வரவில்லை என்று கேட்டார். அவர் திட்டவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"டாக்டர் என்னா சொல்றாரு?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். முழுவதையும் சொன்னேன், மூன்று நாள் என்பதையும் விடவில்லை. ஏன் அதை விழுங்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டவள், சொல்லாமல் விடவேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

தங்கை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ரங்கத்துக்கு வெளியே ஒரு மேட்டில் புதைத்தோம். வங்காளத்தம்மாவின் வீட்டுக்காரர்தான் குழி வெட்ட வந்தார். கம்பளியை எடுக்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை. அம்மா பெஞ்சுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், கிணற்றடியில் எல்லாம் தேடினாள். கடைசியில் அந்தக் கம்பளிக்காகத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். சாகிப் வந்த கப்பல் செவ்வாய்க்கிழமை வந்தது.

அதற்குப் பிறகு அப்பா முப்பது வருஷம் அதே தோட்டத்தில் பால் வெட்டினார். நல்ல வெட்டுக்காரர் என்று பேர் எடுத்தார். ஆனால் எந்த ஆபீஸ் வாசலிலும் அவர் மறுபடி நிற்கவில்லை. நம்மாட்கள் எல்லாரும் தாயகம் திரும்பியவர் சான்றிதழுக்கு அலைந்தபோது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் படிப்புக்குக் காகிதம் வேண்டியிருந்தபோது அம்மாதான் போய் நின்று வாங்கிவந்தாள். அம்மா அவரைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் "என்னாங்க" என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. "இந்தாங்க" என்று தட்டை வைப்பாள், அவ்வளவுதான். வங்காளத்துத் தோழி அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அவளை நான் சமாதானம் செய்யவும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதாலேயே அவளைக் கண்டால் எனக்கு வெறுப்பாக இருந்தது. கல்யாணமாகி பெரார்கஞ்ச் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி.

எனக்கு வேலை கிடைத்து, கராச்சர்மாவில் வீடு கட்டி, இரண்டு பேரையும் கூட்டிவந்துவிட்டேன். அப்பா கடைசி வருஷங்களில் பகல் முழுக்க வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டவுனுக்குப் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, பாப்பாவுக்குக் காச்சல் வர்றதுக்கு முந்தியே நான் பஸ்ஸுல ரங்கத் போயிருக்கேன். அந்த வங்காளத்துப் புள்ளையோட. அந்த ஆஸ்பத்திரிக்குள்ளயே போயிருக்கேன். யாரும் துண்டு கேக்கல. நீங்க நின்ன அஞ்சு நாளும் எனக்குத் தெரியும். நான் சொல்லல."

அவர் பாதம் என் கையில் இருந்தது. அதை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், போனது.

"அப்ப நீ சொல்லியிருந்தா ஒன்னய அடிச்சிருப்பேன்" என்றார். ரோட்டைப் பார்த்தபடியே, "அடிச்சிட்டு, மறுபடியும் அங்கதான் போயி நின்னுருப்பேன்" என்றார்.

என் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக நான் கேட்க ஏங்கியது அதுதான். நான் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர் வாயாலேயே கேட்டாகிவிட்டது. அடுத்த விரலைப் பிடித்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"சொல்லாத." குரலைத் தாழ்த்தி, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "அவ ஒன்னய நம்பியிருப்பா. அன்னிக்கே புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்துருப்பா."

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருக்கிறாள். காது மந்தம், மற்றபடி எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாராவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் வாருங்கள், உட்காருங்கள், கப்பல் கதை பேசுங்கள். அவளுக்கு அது பிடிக்கும். இதை மட்டும் அவளிடம் எடுக்காதீர்கள்.